நோயுற்ற குழந்தைக்காக யார் பேசுவது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் கல்முனைக்குடி வர்த்தகர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் நான் பேச வேண்டும் என்று தம்பிமார் என் கடைக்கு வந்து கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் பண்டிதனல்லன், வைத்தியனுமல்லன். கல்முனைக்குடியில் பிறந்து, கல்முனைக் கடைத்தெருவில் முப்பத்தைந்து வருட காலம் துணி அளந்து விற்றவன். "காக்கா, உங்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்றைப் பேசுங்கள், அது போதும்" என்று அவர்கள் விடாமல் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியருக்கும் இடையில் மொழி ஒரு சுவராக நின்றால் என்ன நடக்கும் என்பதே அது. இதை நான் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தேன்.

2009ஆம் ஆண்டில் என் இளைய மகனுக்கு ஐந்து வயது. பிறவியிலிருந்தே அவனுக்குச் சிறுநீர்ப் பாதையில் ஒரு கோளாறு இருந்தது. குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் வைத்தியர் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று துண்டு எழுதி வெளி மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். என் மகனைத் தங்கள் பிள்ளையைப் போலப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பேசிய மொழி எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பேசிய மொழி அவர்களுக்குத் தெரியாது.

எனக்குச் சிங்களம் தெரியும் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். அம்பாறையிலிருந்து வருவோரிடம் விலை சொல்வேன், குறைத்துக் கேட்டால் மறுப்பேன், மீதிக் காசு எண்ணிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் விலை பேசும் சிங்களம் வேறு, நோய் பேசும் சிங்களம் வேறு என்பது விளங்கியது. அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் தரும் பத்திரத்தை என் முன்னே வைத்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கையெழுத்து எங்கே வைப்பது என்று மாத்திரம் கேட்டேன். ஒரு கடன் பத்திரத்தைக்கூட வாசிக்காமல் கையெழுத்து வைத்தவனல்லன் நான். என் பிள்ளையின் உடம்பைப் பற்றிய பத்திரத்தை வாசிக்காமல் வைத்தேன். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். இது என் குற்றம். வேறெவர் மீதும் போடவில்லை.

குழந்தைகள் வாட்டில் இரவில் தாய் மாத்திரமே தங்கலாம். நான் வெளியே ஒரு கடையின் திண்ணையில் படுத்திருந்தேன். முதல் நாள் இரவு தாதி ஒருவர் வந்து என் மனைவியிடம் ஏதோ சொன்னார். "அம்மா" என்று அழைத்தது மாத்திரம் அவளுக்கு விளங்கிற்று. அந்த ஒரு சொல்தான் இரண்டு மொழிக்கும் பொதுவாய் இருந்தது. மற்றதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். தாதியும் விளங்கிவிட்டது என்று போய்விட்டார். இனி வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம் என்பதே அவர் சொன்ன செய்தி. கட்டிலோடு இருந்த குறிப்பிலும் அது எழுதப்பட்டிருந்தது, ஆங்கிலத்தில். விடியற்காலையில் பிள்ளை பசித்து அழுதான். பெரிய சிகிச்சைக்குப் போகிற பிள்ளை வெறும் வயிற்றோடு போகலாமா என்று எண்ணி, அவள் பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்தாள். பெற்ற மனம் வேறென்ன செய்யும்?

இதிலுள்ள ஆபத்தை எல்லாரும் அறிய வேண்டும். மயக்க மருந்து கொடுத்தால் உடம்பு மாத்திரமல்ல, தொண்டையின் காவலும் தூங்கிவிடுகிறது. விழித்திருக்கும்போது புரைக்கேறினால் இருமி வெளியே தள்ளுவோம். மயக்கத்தில் அது நடவாது. வயிற்றில் உள்ள உணவு மேலேறி மூச்சுக்குழலில் இறங்கி, சுவாசப்பைக்குள் போய்விடலாம். அதனால்தான் திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். இது பிள்ளையைப் பட்டினி போடும் கொடுமையன்று. உயிரைக் காக்கும் ஏற்பாடு. என் மனைவிக்கு இதைத் தமிழில் ஒரே ஒரு முறை ஒருவர் சொல்லியிருந்தால், பிள்ளை எவ்வளவு அழுதாலும் ஒரு துளி கொடுத்திருக்க மாட்டாள்.

அறுவைச் சிகிச்சை அறையின் வாசலில் ஒரு பெண் ஊழியர் சாப்பிடுவது போலச் சைகை காட்டிக் கேட்டார். பிள்ளைக்கு ஊட்டினாயா என்று அக்கறையோடு கேட்கிறார்கள் என்று எண்ணி, என் மனைவி மகிழ்ச்சியோடு வெறும் பிஸ்கட் பொதியை எடுத்துக் காட்டினாள். உடனே எல்லாம் நின்றது. சிகிச்சை ஒத்திவைக்கப்பட்டது.

அன்று மாலை என் மச்சான் என் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பவள். வாட்டில் இருந்தவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது போலாயிற்று. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் அவளை அழைத்து நிதானமாகச் சில வசனங்கள் சொல்லி, உம்மாவிடம் சொல்லச் சொன்னார். அவள் எங்களிடம் திரும்பி, "இன்னொரு நாள் செய்வார்களாம், அதுவரைக்கும் இங்கே இருக்கட்டாம்" என்றாள். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள்.

சில நாட்கள் கழித்துச் சிகிச்சை நடந்தது. மகன் சுகமானான். அவன் இன்று என்னைவிட உயரமான வாலிபன். நான் அந்தச் சம்பவத்தை மறந்தும்விட்டேன்.

சென்ற வருடம் என் மகள் தன் பிள்ளையைக் காய்ச்சலுக்காக நம் ஊர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தாள். நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அப்போதுதான், "வாப்பா, அன்றைக்கு அந்த டாக்டர் சொன்னதை நான் முழுதாகச் சொல்லவில்லை" என்று ஆரம்பித்தாள். கவனிக்காமல் மயக்க மருந்து கொடுத்திருந்தால் தம்பி மேசையிலேயே இறந்திருக்கக்கூடும், இனி இப்படிச் செய்யக் கூடாது என்று உம்மாவிடம் சொல் என்பதே அந்த வைத்தியர் சொன்னது. உம்மா தாங்க மாட்டாள் என்று அந்தச் சிறுமி விழுங்கிவிட்டாள். இத்தனை வருடம் அந்த வசனத்தைத் தனியே சுமந்திருக்கிறாள். அடுத்த முறை உம்மா மறுபடியும் கொடுத்துவிடுவாளோ என்று பயந்து, ஊருக்குத் திரும்பும் முன் மாமாவிடம் சொல்லி எங்கள் பையில் இருந்த பிஸ்கட்டையெல்லாம் எடுத்துப் போகச் செய்தாளாம். பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சகோதரர்களே, இது ஒரு குடும்பத்தின் கதை மாத்திரமன்று. நம் கல்முனையில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கல்முனைக்குடியில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை. இந்தப் பக்கம் கல்முனை வடக்கு வைத்தியசாலை. இங்கே பெரும்பாலும் நம் மொழி கேட்கும். ஆனால் கடுமையான நோய் கண்ட பிள்ளைகள் பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும், பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கும், புற்றுநோயென்றால் மகரகமைக்கும் போக வேண்டியவர்களாகிறார்கள். கொழும்பு நமக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். நீங்கள் அம்மா என்பீர்கள், நாங்கள் உம்மா என்போம். அந்த நீண்ட இரவுப் பயணத்தின் முடிவில் இரண்டு தாய்மாரும் ஒரே மாதிரிப் பேச்சற்றுத்தான் நிற்கிறார்கள்.

சட்டம் நமக்கு என்ன தந்திருக்கிறது? 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியதை முதியவர்கள் அறிவீர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்பு கொண்டு பதில் பெற உரித்துடையவர். 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைக்கும் சட்டம் வந்தது. 2007 ஜூலைக்குப் பின் அரசாங்க சேவையில் சேர்ந்தோர் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. ஆகவே தமிழில் கேட்பது பிச்சையன்று, உரிமை. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை மூச்சுத் திணறும்போது உரிமை தானாக எழுந்து வந்து பேசாது. ஒரு மனிதர் வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஆடு திருடியதாக ஒருவனை நீதிமன்றத்தில் நிறுத்தினால், அங்கே உரைபெயர்ப்பாளர் என்ற உத்தியோகத்தர் இருக்கிறார். சாட்சி சொல்வது எதிரிக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லப்பட வேண்டும் என்பது சட்டம். ஆட்டு வழக்குக்கு அவசியமான ஒருவர், பிள்ளையின் உயிர் வழக்குக்கு அவசியமில்லையா?

இந்தத் துன்பம் நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மெர்செட் என்ற ஊரில், லாவோஸ் நாட்டிலிருந்து அகதிகளாய்ச் சென்ற ஹ்மொங் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களது கைக்குழந்தை லியா லீக்கு 1982ஆம் ஆண்டின் இறுதியில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. நடந்ததைச் சொல்லப் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது. கேட்டறிய உரைபெயர்ப்பாளர் இல்லை. நெஞ்சுச் சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுபடியும் அவ்வாறே. 1983 மார்ச்சில் வலிப்பு நிற்காமலே குழந்தை போய்ச் சேர்ந்த அன்றுதான் நோய் இன்னதென்று கண்டார்கள். பின்பு மருந்தின் அளவுகள் மாறி மாறி வர, பெற்றோர் விளங்காமல் தடுமாறினார்கள். நான்கு வயதில் வந்த பெரிய வலிப்போடு அந்தக் குழந்தையின் நினைவே போய்விட்டது. ஆன் ஃபாடிமன் என்ற அம்மையார் இதை ஆராய்ந்து 1997இல் ஒரு நூலாக எழுதினார். அந்த வைத்தியர்கள் கெட்டவர்களல்லர்; அந்தப் பெற்றோரும் அன்பில் குறைந்தவர்களல்லர். இரு பக்கமும் நல்லவர்கள் இருந்தும் பிள்ளை கெட்டது.

அதே நாட்டில் 2016இல் வெளியான விதியொன்று, அவசர ஆபத்து நேரம் தவிர, வயது வராத பிள்ளைகளை ஆஸ்பத்திரிகள் உரைபெயர்ப்பாளராகக் கொள்ளக் கூடாது என்றது. அவுஸ்திரேலியாவிலோ 1973இலேயே தொலைபேசி வழியாக உரைபெயர்க்கும் அரசாங்க சேவை தொடங்கிவிட்டது. இன்று அது இரவு பகலாக நடக்கிறது. தமிழும் அதில் உண்டு. மெல்பேர்னில் இருக்கும் நம் உறவினரின் பிள்ளைக்குக் கிடைப்பது, இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் நிச்சயமாய்க் கிடைக்க வேண்டாமா?

சிலர், பக்கத்துக் கட்டிலில் யாராவது இரண்டு மொழியும் தெரிந்தவர் இருப்பார்தானே என்பார்கள். இருப்பார், அவருக்கு நன்றியும் சொல்வோம். ஆனால் அவர் தம் பிள்ளையின் கவலையில் இருப்பவர். நாம் சொல்லும் பத்து வார்த்தையில் நான்கைச் சொல்வார். பெண்பிள்ளையின் அந்தரங்க நோயை அந்நியர் ஒருவர் முன் எந்தத் தாய் சொல்வாள்?

இன்னொரு சிக்கல் நம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. புத்தகத்தில் தமிழ் படித்துப் பரீட்சை சித்தியடைந்த உத்தியோகத்தர் வாந்தி என்று படித்திருப்பார். நம் தாய் "சத்தி எடுக்கிறான்" என்பாள். அவர் மூச்சுத் திணறல் என்று படித்திருப்பார். நாம் "முட்டு" என்போம். அவர் வலி என்று படித்தது நமக்கு "நோ". வலி என்ற சொல்லையோ நம் முதியவர் சிலர் வலிப்புக்கும் சொல்வார்கள். "சலம் போகவில்லை" என்றால் சிறுநீர் கழியவில்லை என்று அவருக்கு யார் சொல்வது? டெங்குக் காய்ச்சலில் இந்தச் சொற்களே உயிர்ச் சொற்கள். காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். விடாத வயிற்று நோ, அடிக்கடி சத்தி, சலம் குறைதல், கை கால் குளிர்தல் ஆகியவற்றைத் தாய்தான் முதலில் காண்கிறாள். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. தாய் கண்டதைச் சொல்ல முடியாவிட்டால், வைத்தியருக்கு ஒரு கண் குறைந்தது போலத்தான்.

நம் பக்கத்துக் கடமையையும் மறக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு முப்பத்தொன்பது பேரளவில் சிங்களவர். அவர்களில் ஒரு தாய் தன் பிள்ளையோடு கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ வந்து, நம் பேச்சு விளங்காமல் தலையாட்டிக்கொண்டு நின்றால், அவளும் என் மனைவியைப் போன்றவளே. அவளுக்குப் பேச நாம் ஒருவரை வைக்காமல், நமக்கு அவர்கள் ஒருவரை வைக்கவில்லை என்று குறை கூறுவது நியாயமாகாது.

திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார் என்பதை எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் சொல்லித் தந்தார். அதன் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகில் நின்று பணி செய்பவர். அந்த நான்காமவரை உபகாரியாக ஒதுக்காமல் மருத்துவத்தின் உள்ளேயே வைத்தார் அவர். மொழி விளங்காத இடத்தில் உரைபெயர்ப்பவரே அந்த நான்காமவர். அவர் செய்வது தருமமன்று. சிகிச்சையின் ஒரு பகுதி. இதுவே நான் சொல்ல வந்தது.

ஆகவே உங்கள் சங்கத்திடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, கட்டிலருகே பேசுவதற்கான சிங்கள வகுப்பொன்றைத் தொடங்குங்கள். பெரிய இலக்கணம் வேண்டாம். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, எத்தனை தரம் சத்தி எடுத்தான், என்ன கொடுத்தாய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றைப் பிழையின்றிக் கேட்கவும் சொல்லவும் தெரிந்தால் போதும். அதோடு நம் ஊர்ச் சொல், புத்தகச் சொல், சிங்களச் சொல் மூன்றையும் எதிரெதிரே எழுதிய தாள் ஒன்றைத் தயாரியுங்கள். ஒரு வைத்தியரும் தாதியும் பார்த்துத் திருத்திய பின்னரே அதை அச்சிடுங்கள்.

இரண்டாவது, நன்றாக இரண்டு மொழியும் தெரிந்த பத்துப் பேரைத் தெரிந்தெடுத்து, முறை வைத்துத் தொலைபேசியில் இருக்கச் செய்யுங்கள். இவ்வூரிலிருந்து பிள்ளையைத் தூரத்துக்குக் கொண்டு போகும் குடும்பத்தின் கையில் அந்த இலக்கம் இருக்கட்டும். பெண்களுக்குப் பெண்களே பேசட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை இதில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது, அவர்களுக்குச் சில ஒழுங்குகள் வேண்டும். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டவும் குறைக்கவும் கூடாது. கெட்ட செய்தியையும் மறைக்கக் கூடாது. தாய்க்குப் பதிலாகத் தானே பதில் சொல்லக் கூடாது. தனக்கு விளங்காத சொல் வந்தால் விளங்கவில்லை என்று வைத்தியரிடமே கேட்க வேண்டும். கேட்டது எதையும் ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. பிள்ளை பேசக்கூடிய வயதினதாயின், பிள்ளையிடமும் கேட்க வேண்டும். தன்னைப் பற்றிய காரியத்தில் பிள்ளையின் கருத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது, 1991இல் நம் நாடு ஏற்று உறுதி செய்த சிறுவர் உரிமைப் பட்டயத்திலும் உள்ளதே.

நான்காவது, பெற்றோருக்கு: விளங்காததற்குத் தலையாட்டாதீர்கள். விளங்கவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். ஒரு கரண்டி மருந்து என்றால் எந்தக் கரண்டி என்று கேளுங்கள். தேக்கரண்டி ஐந்து மில்லிலீற்றர், மேசைக்கரண்டி பதினைந்து. மாறினால் மும்மடங்கு மருந்து பிள்ளையின் வயிற்றில்.

ஐந்தாவது, பெரியோர்களுக்கு: தொண்டர் எவ்வளவு செய்தாலும் அது அரசாங்கத்தின் கடமைக்கு ஈடாகாது. பிள்ளைகளைப் பார்க்கும் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் இரவு பகலாக உரைபெயர்ப்பாளர் இருக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சுக்கும் மொழிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். உங்கள் சங்கமும் எங்கள் பள்ளிவாசல் நிருவாகமும் ஒரே மனுவில் கையெழுத்து வைக்கட்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் கடல் வந்து இக்கரையை அழித்தபோது நாம் தெருப் பார்க்கவில்லை, பெயர் பார்க்கவில்லை. வெளிநாட்டு வைத்தியர்கள் வந்த நாட்களில், ஆங்கிலம் தெரிந்த நம் பிள்ளைகள் அவர்களருகே நின்று பேசினார்கள். அன்று முடிந்தது இன்று முடியாதா?

வாயால் மாத்திரம் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. என் கடையின் மேல்மாடி வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சும்மா கிடக்கிறது. வகுப்புக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்; வாடகை வேண்டாம். சிங்களம் படிப்பிக்க என் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அன்று விழுங்கிய வசனத்தைத்தான் முதல் பாடமாக வைப்பாளாம்: உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று.